காஸ் மாத்திரைக்குப் பின்னால்

செவ்வாய்

சித்தப்பா மகனுக்கு விடியக்காலை மூணு மணிக்கு மேல்தான் வலி வருகிறதாம். தறியில் நாடாவை வெளியே எடுத்துத் தார் மாற்றி முடித்ததும் கை தானாக மேல்வயிற்றுக்குப் போய்விடுகிறது. டீயும் பன்னும் உள்ளே போனால் அடங்குகிறது. வயிறு காய்ந்தால் திரும்ப எரிச்சல். "காஸ்தானுங்கண்ணா, மாத்திரை போட்டாச் சரியாப் போயிரும்" என்கிறான். குமாரபாளையத்துத் தறிக்குடோன்களில் எந்த வயிற்றுவலிக்கும் காஸ் என்றுதான் பேர்.

வியாழன்

அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பதில் வாங்க வேண்டியிருந்தது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, ஓயாத ஏப்பம், குமட்டல். வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்தான். சிரிக்கிற விஷயமில்லை. மலம் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரையிலும் கறுக்கும்.) அதுவோ ரத்த வாந்தியோ என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எடை இறங்கினாலும் விழுங்கச் சிரமமானாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. நல்லவேளை, இவனுக்கு இதெல்லாம் இல்லை.

வெள்ளி

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்டது, இடுப்புவலிக்கு மாத்திரை போடுகிறானா என்று. அதுவும் வயிற்றைப் புண்ணாக்குமாம். அடுத்த சந்தேகம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அல்சர் என்றால் காரம், கவலை என்றிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அல்சருக்கு இதுதான் காரணம் என்று நம்பத்தான் ஆளில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பையில் அழற்சி. நோபல் வர 2005 ஆயிற்று. யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிற கிருமி இது. இருந்தும் பலருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. அறிகுறியை மட்டும் வைத்து இதுதான் என்று சொல்லவும் முடியாது. மூச்சிலோ மலத்திலோ சோதித்தாக வேண்டும்.

சனி

சோதனை உடனே இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கிருமியையும் அடக்கி வைப்பதால், அது இருந்தாலும் சோதனையில் இல்லை என்று வந்துவிடலாம். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகள் இத்தனை நாளாக இதைத்தான் செய்திருக்கின்றன. கிருமி உறுதியானால் ஆன்டிபயாடிக்கோடு 14 நாள் மருந்து. வலி நின்றதும் பாதியில் விட்டால் கிருமி தேறிவிடும். முடித்து நாலு வாரமாவது கழித்து மறுபடி சோதனை. எல்லாம் கேட்டுக்கொண்டவனுக்குச் சந்தேகம் ஒன்றுதான்: "மருந்து திங்கறப்ப நைட் ஷிப்ட்டுக்குப் போலாமுங்களா?"