காவிரிக் கரையில் ஒரு காலை

வைத்தியர் நடக்கச் சொன்னார், நடக்கிறேன். திருவரங்கத்தில் நடப்பதென்றால் காவிரிக் கரையைத் தவிர வேறு இடம் ஏது?

தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. (1934-ல் மேட்டூர் அணை எழுந்தது முதல், காவிரியின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.) அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு பாட்டியம்மாள் குளிரைப் பொருட்படுத்தாமல் முழுகி எழுந்தாள். அவளுக்குச் சற்று அப்பால், கறுப்பும் வெள்ளையும் கலந்த மீன்கொத்தி ஒன்று, சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு, அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றது. இதன் தாயாதியான நீல மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கும்; இதற்கோ ஆகாயமே ஆசனம்! திடீரென்று தலைகீழாய் விழுந்தது. வெறும் அலகுடன் எழுந்தது. மூன்றாம் முறைதான் மீன் அகப்பட்டது.

"நேற்று நாலு தடவை ஆச்சு, சார்!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

பூக்கூடையுடன் நின்றவன் என் வகுப்பு மாணவன். விடியுமுன்பே பூச்சந்தைக்குப் போய் வந்து, தாயாருடன் படித்துறையில் பூ விற்கிறானாம். முதல் மணியிலேயே தூங்கி விழுகிறான் என்று முந்தின நாள்தான் அவனைப் பெஞ்சியின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன்.

அவன் அதை மனத்தில் வைத்திருந்ததாகவே தெரியவில்லை. "அந்த மணல் திட்டுக்கு வாலாட்டிக் குருவி வரும், சார். காட்டட்டுமா?" என்றான்.

"காட்டப்பா" என்று சொல்லிக் கூடையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன்.