கைப்பழக்கம்

ஜூன் மாதத்தில் எங்கள் ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். நவம்பர் கடைசியில் மாலை ஐந்துக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். இந்தியக் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. போர்ட் பிளேர் கிடப்பதோ 92.7 பாகையில், வங்கக் கடலின் அந்தப் பக்கம். சென்னையில் விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே இங்கே பொழுது புலர்ந்துவிடுகிறது. 2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. காலை மட்டும் அதே நேரத்தில்தான் வருகிறது. கைக்குழந்தைக்கு மணி தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். எட்டு மாதமாகும் என் மகன் ஜன்னல் வெளுத்ததும் எழுந்துவிடுவான். இரவெல்லாம் எழுந்தெழுந்து பால் கொடுத்த என் மனைவி அப்போதுதான் அசந்து தூங்குவாள். அதனால் காலையின் முதல் இரண்டு மணி நேரம் அவனும் நானும்தான்.

பெற்றவனுக்குப் பிள்ளை மேல் பாசம் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பாசம் குழந்தைக்குப் போய்ச் சேருவது கை வழியாகத்தான். தூக்கும் கை, துடைக்கும் கை, தட்டிக் கொடுக்கும் கை. இது பிறவியிலேயே வருகிற வித்தை அல்ல, பெண்களுக்கும் அப்படி வருவதில்லை. தினமும் செய்தால் வரும், செய்யாவிட்டால் வராது. இந்த எட்டு மாதத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதுதான். இங்கே எழுதுவதும் அதைப் பற்றித்தான்.

இந்தத் தீவுகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாட்டிமார் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். நாங்கள் அதை மெயின்லேண்ட் என்போம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. கப்பல் என்றால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் போலப் பிடிக்கும். பரமக்குடியிலிருந்து அம்மா பிரசவத்துக்கு வந்து, பெயர் வைத்து, அரைஞாண் கட்டி, தூளியில் போட்டுப் பாடிவிட்டுத் திரும்பிப் போனார். போவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். குளிப்பாட்டுகிற வேலையை மருமகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். “அவ உடம்பு தேறட்டும்டா. குனிஞ்சு நிமிர்ற வேலையெல்லாம் உனக்கு. நல்லாப் பாத்துக்கோ” என்றார்.

தாழ்ந்த மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்ட வேண்டும். பாதங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும்; குழந்தையின் தலைக்கு அவைதான் அணை. கணுக்கால்களுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டால் தலை அசையாமல் அமரும். தண்ணீரை விளாவும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரைச் சேர்க்க வேண்டும். உள்ளங்கையில் சூடு பார்க்கக் கூடாது. வேலை செய்து காய்த்த கைக்குச் சூடு உறைக்காது. முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே சூடாகவும் தெரியாமல் ஜில்லென்றும் தெரியாமல் இருந்தால் அதுதான் பதம். முதல் சொம்பு காலில், அடுத்தது வயிற்றில், கடைசியில்தான் தலையில். தலைக்கு ஊற்றும்போது இடது கையை நெற்றியில் அணை போல வைத்து, தண்ணீர் பின்பக்கமாக வழியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். குப்புறப் போடும்போது மார்புக்கடியில் ஒரு கை கொடுத்து, மூக்கும் வாயும் எதிலும் படாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்து மடிப்பு, கக்கம், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களைக் கழுவினால் மட்டும் போதாது, ஈரம் போக ஒற்றி எடுக்கவும் வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மடிப்பில் ஈரம் நின்றால் அன்று மாலையே சிவந்துவிடும்.

அம்மா சொன்னதில் சிலவற்றை நாங்கள் செய்வதில்லை. குழந்தைகள் நல மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்பவை அவை. மூக்கில் ஊதுவதில்லை, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதில்லை, வசம்பை உரசி நாக்கில் தடவுவதில்லை, சாம்பிராணிப் புகை காட்டுவதில்லை. அம்மாவிடம் இதை மறைக்கவில்லை. “டாக்டர் சொன்னா கேட்டுக்கோப்பா. ஆனா எண்ணெய் தேய்க்கிறத விட்டுறாத” என்றார். விடவில்லை. தேங்காய்க்கு இங்கே பஞ்சமில்லை. வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைத் தடவி, மார்பிலிருந்து தோளுக்கும், தொடையிலிருந்து பாதத்துக்கும் மெல்ல நீவிவிடுவேன். எண்ணெய்க்கை பட்டதும் அவன் முஷ்டி விரியும். பிறந்த புதிதில் எப்போதும் மூடியே இருந்த அந்தக் கை விரல் விரலாகத் திறப்பதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை அம்மா வீடியோவில் வந்து நான் குளிப்பாட்டுவதைப் பார்க்கிறார். அது முடிவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார்கள். அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். முகம் பார்த்துப் பேசுவது பெரும்பாடு. இன்றைக்குப் பரமக்குடித் திண்ணையிலிருந்து “தலையத் துவட்டு, முதல்ல தலைய” என்கிற குரல் அந்த நொடியே காதில் விழுகிறது.

ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெரியாழ்வாரைக் காட்டுவேன். கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டியது, நிலாவைக் கூப்பிட்டது, செங்கீரை ஆடச் சொன்னது, சப்பாணி கொட்ட வைத்தது, எண்ணெய் தேய்த்து நீராட அழைத்தது, காது குத்தக் கூப்பிட்டது என்று எல்லாவற்றையும் யசோதையின் இடத்தில் நின்று பாடியவர் ஓர் ஆண். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே அவர் போட்ட விதையிலிருந்துதான் வளர்ந்தது என்பார்கள். ஒரு முழங்காலையும் இரு கைகளையும் தரையில் ஊன்றி, மற்றக் காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆட்டுவது செங்கீரைப் பருவம். இலக்கண நூல்கள் இதை ஐந்தாம் மாதத்துக்கு வைக்கின்றன. என் மகன் சற்றுத் தாமதமாக அதைச் செய்தபோது நான் பக்கத்தில் படுத்திருந்தேன். பாய்க்கு அருகில் நெடுநேரம் கிடந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வரையறை வாய்த்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

அடுத்தது துணி. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவமும் நம்முடையது, வடகிழக்கும் நம்முடையது. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை கொடியில் துணி காயாது. வெளியே போகும்போதும் இரவிலும் டயப்பர். பகலில் வீட்டில் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த இடுப்புத் துணிதான். மூத்திரத் துணியை உடனே அலசி, மற்றதைத் தனியாகச் சோப்புப் போட்டு ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் விட்டு உலர்த்த வேண்டும். கையில் ஈரம் தட்டாவிட்டாலும் தையல் ஓரத்தில் ஈரம் நிற்கும். அதனால் கடைசியில் இஸ்திரிப் பெட்டி. பிப்ரவரி தாண்டிவிட்டால் நிலைமை நேர் எதிர். வெயில் தாராளமாக இருக்கும், தண்ணீர் இருக்காது. ஊருக்குத் தண்ணீர் தரும் தனிகாரி அணையில் மட்டம் இறங்கினால் குழாயில் முறைவைத்துத்தான் விடுவார்கள். அப்போது குழந்தை குளித்த தண்ணீரிலும் துணி அலசிய கடைசித் தண்ணீரிலும் ஒரு சொட்டுகூட வீணாவதில்லை. வாழைக்கும் கழிப்பறைக்கும் போகிறது. பிள்ளை வளர்ப்பில் வானிலைக்கும் பங்கு உண்டு என்பதை மழைக்காலத்துக் கொடியைப் பார்த்தாலே இங்கே தெரியும்.

மாலை அழுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்து ஆறு வாரம் ஆகும்போது குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். அது பெற்றோரின் குறையால் வருவதல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டம். இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தாலே வீட்டில் பாதி நடுக்கம் போய்விடும். பால் குடித்திருக்கிறானா, நனைத்திருக்கிறானா, காய்ச்சல் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். எதுவும் இல்லையென்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, கன்னம் முழங்கை மடிப்பில் படும்படி வைத்து, உள்ளங்கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். வயிற்றில் லேசான அழுத்தம், கையின் சூடு, நடையின் ஆட்டம் மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் பலிக்கும். நீளமான முன்கை இந்த வேலைக்கு வசதி. அக்கம்பக்கமும் சும்மா இருக்காது. ஒரு வீட்டில் வங்காளி, அடுத்ததில் ராஞ்சிக்காரர், எதிரில் தெலுங்கர். எல்லோருக்கும் பொதுவாக ஓடுவது இந்தி. அழுகுரல் கேட்டால் வராந்தாவிலிருந்து ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் கொஞ்சுவார்கள். தமிழ்த் தாலாட்டை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அம்மா பாடியதில் நினைவிருப்பதைப் பாடுகிறேன். நினைவில்லாத இடத்தில் ஆராரோ போதும்.

தூளியில் தூங்கியதும் எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவோம். முகத்துக்கு அருகே தலையணை, போர்வை எதுவும் கிடையாது. மேலே கொசுவலை உண்டு. டெங்குவும் மலேரியாவும் இருக்கிற ஊரில் கொசுவலையைச் செருகுவது தினசரிச் சடங்கு. நாலு மூலையையும் மெத்தைக்கடியில் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

தீவு நிர்வாகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு மத்திய அரசின் விடுப்பு விதிகள்தான். அப்பாவுக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. பிரசவத்துக்குச் சற்று முன்போ, பிறந்து ஆறு மாதத்துக்குள்ளோ எடுக்கலாம். தனியார் கடையிலும் படகிலும் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இது மாற வேண்டும். குழந்தையோடு கிடக்கும் நேரம் அப்பாவின் உடம்போடும் சேர்ந்து போகிற விஷயம் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிலிப்பைன்ஸின் செபூ தீவில் 624 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தகப்பன் ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. அவர்களிலும் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவு. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டி வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று உலகமெங்கும் பரவிய அந்த முறையில் இன்று அப்பாவின் மார்புக்கும் இடம் உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் ஆக்கா மக்களிடையே, நாளின் 47 விழுக்காடு நேரம் அப்பா குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார் அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார் என்று மானிடவியலாளர் பேரி ஹியூலெட் கணக்கிட்டார்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. இந்த மண்ணின் மூத்த குடிகளான கிரேட் அந்தமானியரிடையே 1906 முதல் 1908 வரை தங்கிய மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்துவிடுவார்கள். அதிலிருந்து பிறந்து சில வாரங்கள் வரை தாயையும் தகப்பனையும் அவரவர் பெயரால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்னாரின் தாய், இன்னாரின் தந்தை என்றே சொல்வார்கள். சில உணவுகளை இருவருமே விலக்க வேண்டும். பத்தியம் தாய்க்கு மட்டும் இல்லை, தகப்பனுக்கும் உண்டு. பிள்ளை வருகிறது என்றால் ஆணின் அன்றாடமும் மாற வேண்டும் என்பதை ஊரறிய விதியாக்கி வைத்திருந்தார்கள். நான் வாழும் தீவில், எனக்கு வெகு முன்பே வாழ்ந்தவர்கள் கண்ட ஞானம் இது. அதை மதிக்கிறேன்.

புதிதாக அப்பா ஆகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். மனைவி கேட்கும்போது மட்டும் ஒரு கை கொடுப்பதில் பழக்கம் வராது. ஒரு வேலையைத் தலை முதல் கால் வரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது என்றால் வெந்நீர் வைப்பது, எண்ணெய் தீருமுன் வாங்குவது, துண்டு காய வைப்பது, நகம் வெட்டுவது, மடிப்பில் சிவப்பு வந்திருக்கிறதா என்று முதலில் கவனிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கை தானாகப் பழகும், குழந்தையும் அந்தக் கையை அறிந்துகொள்ளும்.

ஒன்பது மாதம் நிறையும்போது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்து ஊசிகளையெல்லாம் அட்டையில் குறித்தாயிற்று. இதற்கும் தேதி எழுதியிருக்கிறது. அன்றைக்கு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊசி போடும்போது அவனை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது என் வேலை.