நகரா விசை

செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு, வேலை தேடி வந்த இளைஞன் கையில் இரண்டு சான்றிதழ்கள் இருக்கும். ஒன்று தட்டச்சு, மற்றொன்று சுருக்கெழுத்து. நம் தந்தையார் அவ்விரண்டையும் பாளையங்கோட்டையில் முடித்துக்கொண்டு, 1967ஆம் ஆண்டு ஒரு தகரப் பெட்டியுடன் தாதர் நிலையத்தில் வந்து இறங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிவசேனை தோன்றியிருந்தது. எழுத்தர் வேலைகளையெல்லாம் தென்னிந்தியர் பற்றிக்கொண்டார்கள் என்ற முழக்கம் நகரில் ஓங்கியிருந்த நேரம். ரயிலில் உரக்கப் பேசாதே, தமிழ்ப் பத்திரிகையை விரிக்காதே என்று, முன்னரே வந்தவர்கள் புதிதாய் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம்.

அவர் நாற்பது ஆண்டுகள் உழைத்தார். சொன்னதைப் பிழையின்றி அடிப்பதே தட்டச்சாளன் கடமை. சொன்னது சரிதானா என்று கேட்பது அவன் வேலையன்று. இதுவே அவர் நமக்கு விட்டுச்சென்ற அலுவலக நெறி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நெறிதான் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டுக்கு வாடகை கொடுத்தது, நம்மைப் படிக்கவும் வைத்தது. ஆனால் நாம் தேர்ந்துகொண்ட தொழிலுக்கு அது சற்றும் பொருந்தாது என்பதை உணர நமக்கு வெகுகாலம் பிடித்தது.

நாம் செய்வது வடிவமைப்பு வேலை. கைப்பேசியின் திரையில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும், எந்தப் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒருவர் தவறி அழுத்தினால் என்ன நேர வேண்டும் என்று தீர்மானித்து, வரைந்து, பொறியாளர்களிடம் ஒப்படைப்பது. "படம் போடுவதற்குச் சம்பளமா?" என்று தந்தையார் முதலில் கேட்டார். கலைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வி நம் காதில் இருந்துகொண்டே இருந்தது.

2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது போலத் தோன்றிற்று. ரூபாய்க்கான குறியீட்டை மத்திய அரசு அன்று ஏற்றுக்கொண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளிலிருந்து தேர்வான அதை வரைந்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். நம் செம்பூரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள பவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில், தமிழ் எழுத்துருக்களைப் பற்றி ஆய்வு செய்தவர். தந்தையார் செய்தித்தாளை மடித்து நம்மிடம் நீட்டினார். தேவநாகரி ரகரமும், முதுகுத்தண்டு நீக்கிய ரோமன் ஆர் எழுத்தும் ஒன்றாகி, மேலே இரண்டு கோடுகள் ஓடும் அந்த உருவத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அழகைக் காட்டிலும் நம்மைக் கவர்ந்தது, ஒவ்வொரு கோட்டுக்கும் அதில் ஒரு காரணம் இருந்ததுதான். "ஏன் இப்படி?" என்று எவர் கேட்டாலும் விடை சொல்லத்தக்க படம் அது.

ஆனால் இன்னொருவர் பெற்ற வெற்றி நமக்கு நாக்கைத் தந்துவிடுமா? 2012இல் நாம் வேலையில் சேர்ந்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். நாம் வரைந்ததைச் சுவரில் ஒளியிட்டுக் காட்டுவோம். சுற்றியிருப்போர் கேள்வி கேட்பார்கள். பொறியாளர் தம் கருத்துக்கு எண்களைக் காட்டுவார். விற்பனைக்காரர் வாடிக்கையாளரின் பெயரைச் சொல்வார். நம்மிடமோ "எமக்கு இப்படித் தோன்றுகிறது" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. முதல் ஆண்டிலேயே ஒருவர் சிரித்தார். அதன்பின் நாம் சொன்னதை வரைபவரானோம். தந்தையார் அடித்ததைப் போலவே, பிழையின்றி.

2017ஆம் ஆண்டு. முந்தைய நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆகிவிட்டிருந்தன. கைப்பேசி வழியே பணம் அனுப்பும் பழக்கம் எங்கும் பரவிக்கொண்டிருந்தது. நம் நிறுவனமும் அத்தகைய செயலி ஒன்றைச் செய்தது. ஆங்கிலத்தில் முடிந்ததும் ஏழு இந்திய மொழிகளில் பெயர்த்தார்கள். தமிழ்த் திரையை முதன்முதலில் கண்டபோதே நமக்கு உறுத்தியது. பணம் போகுமுன் பெறுபவரின் பெயரைக் காட்டி, உறுதி கேட்கும் திரை அது. அடியில் பக்கம் பக்கமாக இரண்டு பொத்தான்கள். ஒன்றில் "பணம் அனுப்பலாம்", மற்றொன்றில் "பணம் அனுப்ப வேண்டாம்" என்று இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களுக்கு அந்த அகலம் போதவில்லை. இடம் போதாதபோது மிகுதியை வெட்டி மூன்று புள்ளி வைப்பது இயந்திரத்தின் வழக்கம். ஆகவே இரண்டிலுமே "பணம் அனுப்ப…" என்று நின்றது.

ஆங்கிலத்தில் இத்தொல்லை நேராது. அங்கே மறுப்புச் சொல் முன்னே நிற்கிறது. வால் வெட்டுப்பட்டாலும் தலை தப்பிவிடும். இந்தியிலும் மறுப்பு வினைக்கு முன்பே வந்துவிடும். தமிழிலோ வேண்டும், வேண்டாம் என்பது சொற்றொடரின் கடைசியில்தான் தெரியவரும். அந்தக் கடைசியைத்தான் இயந்திரம் தின்றுவிட்டது.

இதைக் கண்ட நாம் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. மொழிபெயர்ப்பு நம் பொறுப்பன்று, அளவுகள் முன்பே முடிவானவை, சோதித்தவர்கள் ஒப்புதல் தந்துவிட்டார்கள் என்று நமக்கு நாமே மூன்று காரணம் சொல்லிக்கொண்டோம். செயலி வெளியாயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு கிருத்திகையன்று, சேடா நகர் முருகன் கோயிலில் நம் அத்தையைக் கண்டோம். தந்தையாரின் தங்கை, கணவரை இழந்தவர், மாவரைத்து விற்றுக் குடும்பம் நடத்துபவர். நாம்தாம் பெருமையோடு அந்தச் செயலியை அவர் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்டதும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வற்புறுத்திய பின்பே சொன்னார். பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்காக மகனுக்கு ஆறாயிரம் ரூபாய் அனுப்ப முயன்றிருக்கிறார். எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்ததைப் படித்துத் திடுக்கிட்டு, நிறுத்த வேண்டும் என்றுதான் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

"ரெண்டுலயும் ஒண்ணுதானே ஐயா எழுதியிருந்தது? எது வேண்டாம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "நீ செஞ்சதுன்னு சொன்னியே, அதான் யார்கிட்டயும் சொல்லல. நான்தான் சரியாப் படிக்கல போல" என்று சேர்த்துக்கொண்டார்.

பணத்தைப் பெற்றவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. ஆறாயிரத்தை நாம் அத்தையிடம் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்து, பிறகு பேத்திக்காக வாங்கிக்கொண்டார். அந்த இரவு நாம் உறங்கவில்லை. சரியாகவே படித்த ஒரு பெண்மணி, தமக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். நாம் வாயைத் திறக்காததன் விலை அது.

அடுத்த கூட்டத்துக்கு நாம் அந்தத் திரையை ஆள் உயரத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றோம். தமிழ் அறியாத பதினோரு பேரிடம், இரண்டு பொத்தான்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்குமாறு கேட்டோம். எழுத்து புரியாவிட்டாலும் உருவம் ஒன்றே என்பது கண்ணுக்குத் தெரியுமல்லவா? பிறகு அத்தை சொன்னதைச் சொன்னோம். குரல் நடுங்கவே செய்தது, அதை மறைப்பானேன்? மொழிபெயர்ப்பைச் சுருக்கினால் போதுமே என்றார் தலைமைப் பொறியாளர். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளும் முதியவர்களின் கைப்பேசியில் சுருக்கியதும் வெட்டுப்படும் என்று அத்தையின் கைப்பேசியையே எடுத்து மேசைமேல் வைத்தோம்.

அப்போது மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு மராத்தியத் தோழர், மராத்தித் திரையைத் திறந்து காட்டுமாறு கேட்டார். "பைசே பாட்டவா" என்றால் அனுப்பு; "பைசே பாட்டவூ நகா" என்றால் அனுப்பாதே. அங்கும் மறுப்பு பின்னால்தான். அங்கும் வெட்டுப்பட்டிருந்தது. "எங்கள் ஆயியும் இதைத்தான் வைத்திருக்கிறாள்" என்றார் அவர். அதற்குமேல் யாரும் அகலத்தைப் பற்றிப் பேசவில்லை.

பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, திரையின் முழு அகலத்துக்கு அடுக்கினோம். "வேண்டாம்" என்பதைத் தனிச்சொல்லாக முன்னே நிறுத்தினோம். இடம் போதாவிட்டால் வெட்டாமல் அடுத்த வரிக்கு இறங்குமாறு செய்தோம். இரண்டே நாள் வேலை! அந்த இரண்டு நாளை மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் நம்மை விடவில்லை. அதற்குப் பின்னும் கூட்டங்களில் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டோம்: எதை வரைந்தாலும் முதலில் அத்தையிடமோ, அவர் வீட்டுக்கு மாவு வாங்க வருவோரிடமோ காட்டி, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போகிறோம். "எமக்குத் தோன்றுகிறது" என்று சொல்ல வேண்டிய தேவை அநேகமாக இல்லாமற் போயிற்று.

இவ்வளவையும் ஒரு ஞாயிறன்று தந்தையாரிடம் சொன்னோம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, பாளையங்கோட்டைப் பயிற்சிக் கூடத்தின் மூலையில் இருந்த தமிழ்த் தட்டச்சுப் பொறியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கடல் கடந்து பிழைக்கப்போன ஆர். முத்தையா என்பவர் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. புள்ளிக்கென்று தனி இடம் கொடுத்தால் வரி நீண்டுவிடும். அதற்காக ஏற்பட்டதுதான் நகரா விசை. அடித்தால் புள்ளி விழும், உருளை நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளியின் அடியிலேயே வந்து அமரும்.

"இங்கிலீஷ் மெஷினில் எந்த விசையை அடித்தாலும் உருளை நகர்ந்தாக வேண்டும், அதுதான் சட்டம். தமிழுக்காக அதை ஒருவர் நிற்க வைத்தார்" என்றார் தந்தையார். பின்பு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்கே, அந்தத் திரையைக் காட்டு" என்றார். நாற்பது ஆண்டுகள் பிழை பார்த்த கண்கள் வரிவரியாக இறங்கின. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. ஓர் ஈகாரக் கொக்கியின் தலை வெட்டுப்பட்டு, நெடில் குறிலாய்க் கிடந்தது.

"இதை யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.