இலவசமாக ஒரு சொடக்கு

பக்கவாதம் என்றால் தாத்தாக்களின் நோய் என்றுதான் இன்னமும் எண்ணம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பீடி என்று அதற்கு ஒரு முன்கதையும் வேண்டும். முப்பது வயதுக்காரர் தலைசுற்றித் தள்ளாடினால் வீட்டில் பித்தம் என்பார்கள். தெருவில் சொல்வது வேறு.

ஆனால் இளம் வயதினரைத் தாக்கும் பக்கவாதத்துக்கு வழிகள் விசித்திரமானவை. டெல்லியின் நடைபாதை நாற்காலியிலிருந்து ஏ.சி. சலூன் வரை முடிவெட்டி, மழித்து, தலையை மாலிஷ் செய்தபின் இனாமாகக் கிடைப்பது கழுத்தில் ஒரு சொடக்கு. 'படக்' என்ற சத்தம் கேட்டால்தான் வாடிக்கையாளருக்குத் திருப்தி. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி, உச்சியில் வளைந்து செல்கின்றன. வெடுக்கென்று திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிசலில் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்க மாடல் கேட்டி மே 2016இல், 34 வயதில் இறந்தது கழுத்தைத் திருப்பிச் செய்த சிகிச்சையில் தமனி கிழிந்ததால்தான் என்றது அங்கு நடந்த மரண விசாரணை.

இது அபூர்வம் என்பது உண்மை. பலமான தும்மலோ இருமலோகூட இதைச் செய்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் பாதிப்பு சில நாள் கழித்தும் வரக்கூடும். முந்தாநாள் முடிவெட்டிக்கொண்டதை டாக்டரிடம் யார் சொல்வார்கள்? டாக்டரும் கேட்பதில்லை. பழியை முழுக்க நாவிதர் மீது போடவும் முடியாது. தமனி ஏற்கெனவே கிழிந்து, அந்த வலிக்காகவே சிலர் சொடக்கு எடுக்கப் போகிறார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு வருவது இன்னொரு வகை. பிரசவத்தையொட்டி ரத்தம் இயல்பாகவே சுலபமாக உறையும். வயிறு ஊதும் என்று தண்ணீரையும் அளந்து கொடுத்தால் உறைவதற்கு இன்னும் வசதி. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் அடைப்பு விழுகிறது. விடாத தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு. வலிப்பைக் கண்டதும் மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை உடனே தொடங்கினால் பெரும்பாலோர் எழுந்து நடமாடுகிறார்கள். எந்தப் பத்தியச் சமையலிலும் இந்தக் கணக்கு இல்லை.

தமனி அடைப்புக்கோ கெடு இன்னும் கறாரானது. கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்தாக வேண்டும். புதிதாக ஒரு பிடரி வலி, இரண்டிரண்டாகத் தெரியும் பார்வை, குழறும் பேச்சு என்று வரும் இளைஞரை 'குடித்திருக்கிறாயா?' என்று விசாரிப்பதிலேயே அதில் பாதி போய்விடுகிறது.