அம்மா பேசறது கேக்குதா?

மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை. சடையங்குப்பத்திலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் மகனும் காரில் போவார்கள். பர்மா நகரைத் தாண்டி, கார் மணலி சாலையில் ஏறியதும் அம்மா தவறாமல் ஒரு காரியம் செய்வார். காதிலிருக்கும் ஹியரிங் எய்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சுருக்குப்பையில் வைத்துக்கொள்வார்.

"ஏம்மா கழட்டிட்ட?"

"மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குடா. எல்லா சத்தமும் வருது, உன் குரல் மட்டும் வரல."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அந்த வழித்தடம் அப்படி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இடமும் வலமும் உரசுகிற மாதிரி வரும். பள்ளம், மண், புழுதி, ஏர் ஹாரன். அவருடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 14 வருடப் பழைய சின்ன கார். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் உள்ளே ஒரு 'ஹோ' என்ற இரைச்சல் நிற்காது.

பழகிவிட்டது என்றுதான் அவரும் இருந்தார், அந்த மாத்திரை விஷயம் நடக்கும் வரை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் இரவு மாத்திரையைப் பாதியாக்கினார். திரும்பி வரும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் மகன் கத்திச் சொன்னார்: "ராத்திரி மாத்திரை இனிமே பாதி போடும்மா!" அம்மாவும் தலையாட்டினார். ஆனால் அம்மா காதில் விழுந்தது "மாத்திப் போடு." காலை மாத்திரையை இரவிலும் இரவு மாத்திரையைக் காலையிலும் மாற்றிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் அடுப்படியில் வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். மருமகள் சட்டென்று சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார்.

அடுத்த முறை காது பரிசோதகர் விளக்கினார். வயதானவர்களுக்கு முதலில் குறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். 'ப', 'த', 'ச' போன்ற எழுத்துகளை அடையாளம் காட்டுவது அந்த மெல்லிய ஒலிகள்தான். காரின் கனத்த இரைச்சல் அவற்றை விழுங்கிவிடும். மெஷின் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும். "கத்தறதால பிரயோஜனம் இல்ல சார். சுத்தி இருக்கற சத்தத்தைக் குறைங்க."

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் விசாரித்தார். தரை, நான்கு கதவு, கூரை, டிக்கி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் என்றார்கள். கான்ட்ராக்ட் ஃபிட்டர் சம்பளத்தில் அது முடிகிற காரியமில்லை. தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தெர்மாகோல் என்றார். ஒருவர் முட்டை அட்டை என்றார். இன்னொருவர், கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டே போதும், அதையும் இதையும் பார்த்தால் ஒரே மாதிரிதான் என்றார்.

அவர் முப்பது வருடமாக மணலியில் பம்ப்புகளோடு மல்லுக்கட்டியவர். தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். கார் கதவைத் தட்டினார். 'டங்' என்றது. எவர்சில்வர் டம்ளரைத் தட்டினால் 'டிங்' என்று ரீங்காரம் வரும், விரலை வைத்தால் நின்றுவிடும் இல்லையா? கார் தகடும் அப்படித்தான். சாலை அதிர்வில் தகடு அதிரும், அந்த அதிர்வுதான் உள்ளே சத்தமாகக் கேட்கும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட் செய்வது அந்த விரலின் வேலை. விரலை டம்ளர் முழுக்க வைக்க வேண்டியதில்லை. அதேபோல் தகடு முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை, பெரிய தகடுகளின் நடுவில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். தெர்மாகோலுக்கும் முட்டை அட்டைக்கும் இந்த வேலை தெரியாது. போதாக்குறைக்கு எளிதில் தீப்பிடிக்கும்.

தார் ஷீட்டுக்கும் பியூட்டைலுக்கும் மேலே ஒரே வெள்ளித் தாள்தான். அதனால் அக்னி நட்சத்திரத்தில் ஒரு பரீட்சை வைத்தார். பழைய தகரம் ஒன்றில் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு ஒட்டி, மொட்டை மாடியில் சாய்த்து வைத்தார். ஒரு வாரத்தில் தார்த் துண்டு இளகிக் கீழே சரிந்திருந்தது. பக்கத்தில் போனாலே ரோடு போடுகிற வாசனை. பியூட்டைல் துண்டு ஒட்டிய இடத்திலேயே இருந்தது. மூச்சுத் திணறல் உள்ள அம்மாவைத் தார் வாசனைக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்ற முடியுமா? மலிவு என்று வாங்கியிருந்தால் பிய்த்துப் போட இன்னொரு செலவு.

ஆனால் பெரிய திருடன் வேறு இடத்தில் ஒளிந்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். தரையில் இரண்டு ஓட்டைகள், அவற்றின் வழியாகக் கீழே மண் தெரிந்தது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் காருக்குள் தண்ணீர் ஏறியது. அதை வடிக்க ஒரு மெக்கானிக் தரையிலிருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கியிருந்தார், திரும்பப் போட மறந்துவிட்டார். அத்தனை நாளும் சாலைச் சத்தம் நேராக அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டு மூடிகளின் விலை 60 ரூபாய்.

கதவு பீடிங்கையும் சோதித்தார்கள். மகள் ஒரு நோட்டுத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தாள். பின்கதவு இரண்டிலும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் செத்துப்போயிருந்தது. காற்று நுழைகிற சந்தில் சத்தமும் நுழையும். இதை அடைக்காமல் எத்தனை ஆயிரத்துக்கு ஷீட் ஒட்டினாலும் வீண்.

கார்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சு வெள்ளத்தில் ஊறி, காய்ந்து, கருவாடு மாதிரி ஆகியிருந்தது. பஞ்சு சத்தத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் தண்ணீரையும் உறிஞ்சும். பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் எட்டிப்பார்க்கிற ஊரில் பஞ்சு சரிப்படாது. உள்ளே ஈரம் நின்றால் தகடு துருப்பிடிக்கும். அதற்குப் பதிலாக, ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஷீட்டை வாங்கினார். துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க அமுக்கி வைத்துப் பார்த்தார். காலையில் துடைத்தால் காய்ந்துவிட்டது.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபின் ஷீட் ஒட்டினார்கள். முன்பக்கத் தரை, பின்சக்கர மேடு, முன்கதவுகளின் வெளித்தகடு ஆகிய இடங்களில் மட்டும். ஒட்டியதை அழுத்தி உருட்ட ரோலர் இல்லை. அவர் பார்வை அடுப்படிப் பக்கம் போனது.

"சப்பாத்திக் கட்டையைத் தொட்டீங்க, அப்புறம் தெரியும்!" என்றார் மனைவி. கடைசியில் ஒரு பழைய பெயின்ட் ரோலர் பிடியில் பி.வி.சி. பைப்பைச் செருகி உருட்டினார்கள். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் மூடாமல் விட்டார்கள். மூடினால் கதவுக்குள்ளேயே குளம் கட்டிவிடும். அவருடையது ஏர் பேக் இல்லாத கார், அதனால் தானே சீட்டைக் கழற்றினார். புதிய கார்களில் சீட்டுக்கு அடியில் ஏர் பேக் வயர் போகும். அதில் தெரியாமல் கைவைக்கக் கூடாது.

கணக்குப் பார்த்தார். பீடிங் 1,200, மூடி 60, பியூட்டைல் 20 சதுர அடி 2,400, ஃபோம் 1,300. மொத்தம் 4,960 ரூபாய். காருக்குக் கூடிய எடை பத்து கிலோவுக்குள்தான்.

மகள் செல்போன் ஆப்பில் அளந்தாள். அதே சாலை, அதே 50 கிலோமீட்டர் வேகம். முன்பு 76 டெசிபல், இப்போது 71. "அஞ்சுதானாப்பா?" என்று முகம் சுருங்கியது. 3 டெசிபல் குறைந்தாலே ஒலியின் சக்தி பாதியாகிவிடும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். ஆனால் காதுக்குப் 'பாதிச் சத்தம்' என்று தோன்ற 10 குறைய வேண்டும். கார் ஒன்றும் கோயில் கருவறை ஆகிவிடவில்லை. டிரெய்லர் ஹாரன் இன்னும் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டாமா? ஆனால் அந்த 'ஹோ' அடங்கியிருந்தது. மிச்சத்துக்கு அவர் டயரில் காற்றைச் சரிபார்த்து, வேகத்தை 40 ஆகக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய். மணலி சாலை வந்தது. அம்மாவின் கை வழக்கம்போல காதுக்குப் போனது. பாதியில் நின்றது.

"என்னடா அது, டிக்கு டிக்குனு?"

"இண்டிகேட்டர்மா."

"இந்தக் கார்ல அதெல்லாம் கூட இருக்கா?"

சுருக்குப்பை திறக்கப்படவே இல்லை. திருவொற்றியூர் தாண்டும் வரை தங்கச்சி மகள் கல்யாணம், தண்ணீர் லாரி சண்டை, பக்கத்து வீட்டு ஆடு என்று பேசிக்கொண்டே வந்தார் அம்மா. திரும்பும்போது மகன் கத்தாமல் கேட்டார்: "ராத்திரி மாத்திரை எவ்ளோம்மா?"

"பாதி. எத்தனை வாட்டி கேப்ப?"

காசிமேடு அருகே டிரெய்லர் வரிசையில் கார் நின்றது. "ரேடியோ போடட்டுமாம்மா?" என்றார்.

"வேணாம்டா. அப்புறம் நான் பேசறது உனக்குக் கேக்காது."