அந்த மாணவிக்கு நான் தராத விடை

சத்தியமங்கலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் நான். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் மண்ணுக்கடியில் ஓடும் செர்ன் ஆய்வகத்தின் துகள்முடுக்கியைப் பற்றி ஒரு நாள் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "ஏனுங்க சார், குழாய்க்குள்ள ஓடற அந்தப் புரோட்டான் கற்றை எவ்வளவு தடிமன்னு எப்படிங்க பார்ப்பாங்க?"

எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல நா எழவில்லை. குறுக்கே ஒரு திரை வைப்பார்கள் என்றேன். "அதுல மோதினாக் கற்றை கெட்டுப்போகாதுங்களா?" என்றாள். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று உட்காரவைத்துவிட்டேன்.

அவள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. திரை பயன்படுவது உண்மை. ஆனால் குறைந்த அளவு புரோட்டான்களை உள்ளே செலுத்திப் பார்க்கும்போது மட்டும். முழு வலுவில் ஓடும் கற்றையின் ஆற்றல் 300 மெகாஜூலைத் தாண்டும். குறுக்கே வைக்கிற எந்தத் திரையும் அதைத் தாங்காது; கற்றையும் கெட்டுப்போகும்.

ஆகவே வாயுவைத் திரையாக்கினார்கள். முடியைவிட மெல்லிய துளை வழியே நியான் வாயு வெற்றிடத்துக்குள் ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. கூம்பு வடிவத் தடுப்புகள் அதைச் சீவி, மெல்லிய திரையாக்கி, கற்றையின் குறுக்கே 45 பாகை சாய்வில் அனுப்புகின்றன. புரோட்டான் பட்ட நியான் அணுக்கள் ஒளிர, கேமரா படம் பிடிக்கிறது. மிஞ்சிய வாயுவை எதிர்ப்பக்கத்துப் பம்பு இழுத்துக்கொள்கிறது. ஓட்டுச் சந்தில் விழும் வெயிலை வீட்டுத் தூசி காட்டிக்கொடுப்பதைப் போலத்தான் இது. கற்றைக்குப் பொருட்படுத்தும்படியான இழப்பு இல்லை. செர்ன், லிவர்பூல் பல்கலைக்கழகம், ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகம் ஆகியவை சேர்ந்து செய்த இந்தக் கருவி 2023-இல் அந்த முடுக்கியிலேயே வேலை செய்தது. புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சையில், நோயாளிக்குப் போகும் கற்றையைத் தடுக்காமல் அளக்கவும் இதே வழியை ஆராய்கிறார்கள். அந்தச் சிகிச்சை 2019 முதல் சென்னையிலேயே கிடைக்கிறது.

இதையெல்லாம் நான் படித்தபோது அவள் இன்னும் என் வகுப்பில்தான் இருந்தாள். திருத்திச் சொல்ல நாள் இருந்தது. சொன்னால் என் மதிப்பு குறையும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். தெரியாமல் சொன்னதைக்கூட மன்னிக்கலாம். தெரிந்தபின் மறைத்தது என் குற்றம். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மா, இதை நீ எங்கேயாவது படித்தால், உன் இரண்டாவது கேள்விக்கு விடை: ஆமாம், கெட்டுப்போகும். நீ சரியாகத்தான் கேட்டாய். என்னை மன்னித்துவிடு.