சேம அச்சு

திண்டுக்கல் பேகம்பூரில் மூன்று தலைமுறையாகப் பழஞ்சாக்கு வாணிகம் செய்து வரும் குடும்பம் எங்களுடையது. அரிசிக் கடைகளிலும் பருப்பு மண்டிகளிலும் காலியாகும் கோணிகளை விலைக்கு வாங்கி, உதறித் தரம் பிரித்து, கிழிந்தவற்றைக் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்து, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அனுப்புவோம். உடன்பிறந்தார் மூவர். மூத்தவர் கடையில் அமர்வார். இரண்டாமவர் சரக்கோடு செல்வார். இளையவர் இத்தமிழ்த்துறையில் பயின்றவர். எழுதும் கை இளையவருடையதாயினும் கருத்து மூவர்க்கும் பொதுவாதலின் ‘நாங்கள்’ என்றே எழுதுகின்றோம்.

துறைச் சிறப்பு மலருக்கு இலக்கியக் கட்டுரை வழங்கும் ஆசான்மார் பலர் இருக்க, சரக்கு வண்டி வாங்கிய செய்தி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். புதிய வண்டியா, பழைய வண்டியா என்னும் கேள்வி 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் வீட்டில் நாற்பது நாட்கள் தங்கியிருந்தது. உணவு வேளையிலும் அதுவே பேச்சு. வட்டி, அன்னையின் நெடுநாள் ஆசை, வண்டியில் அமரப்போகும் உடன்பிறப்பின் உயிர், விற்பவர் சொல்லின் உண்மை ஆகிய யாவும் அக்கேள்வியின் உள்ளே இருந்தன. சிறு வாணிகக் குடும்பத்தில் பிறந்த மாணவர் பலருக்கு நாளை இதே கேள்வி எழும். அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

அதுவரை வாடகை வண்டியே எங்களுக்குத் துணை. 2005 இல் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் நாற்சக்கரச் சிற்றூர்தியை வெளியிட்டது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டியானை’ எனப் பெயரிட்டனர். பின்னர் பிற நிறுவனத்தார் அவ்வளவில் செய்த வண்டிகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. வாரத்தில் மூன்று நாள் குட்டியானை பிடித்து, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒட்டன்சத்திரத்துக்குச் சரக்கு அனுப்புவோம். ஒரு நடைக்கு 1,500 ரூபாய்; மாதம் ஏறத்தாழ 19,000. பணத்தைக் காட்டிலும் வருத்தியது வேறொன்று. காய்கறி வரத்து மிகுந்து சந்தையில் சாக்குக்குத் தேவை பெருகும் நாளில்தான் வாடகை வண்டிகளுக்கும் தேவை பெருகும். வியாபாரி ‘இன்றே ஐந்நூறு சாக்கு வேண்டும்’ என்பார். வண்டி நாளைதான் வரும். இப்படி இரண்டு பழைய வாடிக்கையாளர் எங்களை விட்டு அகன்றனர். சொந்த வண்டி வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

கையிலிருந்த தொகை 4,20,000 ரூபாய். ஒன்பது ஆண்டுச் சேமிப்பு அது. புதிய வண்டியோ பதிவு, காப்பீடு, மேற்கட்டு எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்தைத் தொட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு ஊர்திகளுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் 100 ரூபாய் பெறுமானமுள்ள பொருளை 128 கொடுத்து வாங்கிய இடத்தில் 118 கொடுத்தால் போதும். செய்தித்தாளில் இதனைப் படித்த இரண்டாமவர், புது வண்டி தம் வாயிலுக்கு வந்துவிட்டதாகவே மகிழ்ந்தார். விற்பனை நிலையத்தில் ஐந்தரை லட்சம் கடன் தர ஆயத்தமாக இருந்தனர். 11 விழுக்காடு வட்டியில் 48 மாதத் தவணை. மூத்தவர் கணக்கிட்டார்: மாதந்தோறும் 14,200 ரூபாய்க்குச் சற்று மேல், நான்காண்டு முடிவில் வட்டி மட்டும் 1,32,000 ரூபாய்.

அந்தத் தாளை அம்மா வாங்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கு எண் தெரியும்; எங்கள் அத்தா மறைந்தபின் பதினோராண்டு கடைக்கணக்கை எழுதியவர்கள் அவர்களே. “வட்டிக் காசுல வாங்குற வண்டி வாசல்ல நிக்க வேணாம்ப்பா. உங்க அத்தா மண்டிக்காரர்கிட்டே கடன் சொல்லியிருக்காங்க, வட்டிக்கு வாங்கினதில்லை” என்றார்கள். சிறிது நேரம் கழித்து, “என் ஹஜ்ஜுக்குச் சேத்து வச்சது இருக்கு. அதைப் போட்டுப் புதுசே வாங்குங்க. நான் அடுத்த வருசம் பாத்துக்கிறேன்” என்றார்கள்.

அறுபத்தெட்டு வயதினர் சொல்லும் ‘அடுத்த வருடம்’ என்பது எத்தனை ஆண்டு என எவர் சொல்ல முடியும்? அத்தொகை முழங்கால் வலியோடு கோணி தைத்துச் சேர்த்தது. அதனைத் தொடுவதில்லை என்று மூவரும் அன்றிரவே ஒரு மனதாயினோம். ஆக, கடனும் இல்லை. அம்மாவின் பணமும் இல்லை. எஞ்சியது பழைய வண்டி. எனினும் வேறு வழி இல்லாமையால் ஒன்றைத் தேர்வது வேறு, அதுவே தக்கது எனத் தெளிந்து தேர்வது வேறு. பிந்தியதற்கே எஞ்சிய நாட்கள் கழிந்தன.

புதிய வண்டியின் சிறப்பைக் குறைத்துரைப்பது முறையன்று. அதன் பழுதுகளை உறுதிக்காலத்தில் நிறுவனமே ஏற்கும். பதிவு செய்த நாளிலிருந்து இரண்டாண்டு வரை எஃப்.சி. பற்றிய கவலை இல்லை. நாள்தோறும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடி வாடகைக்கு உழைக்கும் வண்டியாயின், ஒரு நாள் நின்றாலும் இழப்பு பெரிது. அத்தகையோர் புதியதையே நாடுவது அறிவுடைமை. எங்கள் வண்டியோ வாரத்தில் மூன்று நாள், போகவர 60 கிலோமீட்டர் ஓடும். ஓராண்டுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டரைச் சிறிதே தாண்டும். சரக்கும் கனமானதன்று. ஆயிரம் வெற்றுச் சாக்கு ஏறத்தாழ 600 கிலோதான். பருமன் மிகுதி, பாரம் குறைவு. நெல்லும் செங்கல்லும் ஏற்றுவோர் பட்டை முறியுமோ என அஞ்ச வேண்டும். எங்களுக்கு அவ்வச்சம் சிறிது.

மற்றொன்று தேய்மானம். காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 எனக் கழிப்பர். அதாவது வாயிலில் நின்றாலும் ஓடினாலும் ஐந்தாண்டில் மதிப்பில் பாதி போகும். குறைவாக ஓடும் வண்டிக்கு அந்த முதற்பாதியை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று மூத்தவர் கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை.

இரண்டாமவர் மட்டும் உடன்படவில்லை. “நீங்க கணக்குப் பாக்கறீங்க. ராத்திரி பழனி ரோட்டுல பிரேக் பிடிக்கலைன்னா உள்ளே இருக்கிறது நான்” என்றார். வீடு அமைதியாயிற்று. அவர் கூறியது நியாயம். அதனை மறுத்துப் பேச எவருக்கும் தகுதியில்லை. ஆகவே எந்த வண்டியானாலும், அவர் ஓட்டிப் பார்த்து ‘சரி’ என்றாலன்றி முன்பணம் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவர் முப்பதாண்டு அனுபவமுடையவர். அவரை அழைத்துக்கொண்டு ஒன்பது வண்டிகள் பார்த்தோம். அவர் கற்பித்தவை பல. வண்டியைக் காலையில், இன்ஜின் சூடேறுமுன் பார்க்க வேண்டும். “ராத்திரி பூரா நின்ன இன்ஜின் பொய் சொல்லாது பாய்” என்பார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகின்றது என்று பொருள். ஓடிய தொலைவு காட்டும் மீட்டரைத் திருத்தலாம். கால்மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைத் திருத்த எவரும் நினைப்பதில்லை. பட்டைக் கட்டில் கூடுதலாக ஓர் இலை செருகப்பட்டிருப்பின், அவ்வண்டி அளவு மீறிப் பாரம் சுமந்தது. டயர் ஒரு பக்கமே தேய்ந்திருந்தால் அச்சைச் சோதிக்க வேண்டும். சேஸில் வெல்டிங் தழும்பு தென்பட்டால் விலை கேளாமலே திரும்பிவிட வேண்டும்.

நான்காவதாகப் பார்த்த வண்டி கண்ணைப் பறித்தது. புத்தம் புது வண்ணம், சக்கரத்துக்கும் சாயம். இரண்டாமவர்கூட மயங்கினார். மெக்கானிக் அடியிற் படுத்து, சேஸை ஸ்குரூ டிரைவரால் குத்தினார். துரு உதிர்ந்தது. மோந்து பார்த்துவிட்டு எழுந்து, “மீன் வண்டி” என்றார். ஐஸ் உருகி வடியும் உப்புநீர் இரும்பை அரித்துவிடுமாம். தரகர் அவ்வாறில்லை என்று சத்தியம் செய்தார்.

அன்று திரும்பும் வழியில் எங்கள் தொழிலையே எண்ணிக்கொண்டோம். நாங்களும் பழம்பொருள் விற்பவர்களே. சாக்கை விற்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிக் காட்டுவது அத்தாவின் வழக்கம். தைத்த இடம் உட்புறத்தில்தான் தெரியும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை அத்தா அடிக்கடி கூறுவார்கள். பட்டினப்பாலை போற்றும் புகார் வணிகரும் மிகுதியாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தோரே. விற்கும் இடத்தில் நின்று இவற்றைக் கேட்பது எளிது. வாங்கும் இடத்தில் நின்றபோதுதான் ‘உட்புறம் காட்டுவது’ எத்துணைப் பெரிய கொடை என்பது விளங்கிற்று.

ஒன்பதாவது வண்டி 2019 ஆகஸ்டில் பதிவானது, ஒரே உரிமையாளர். காய்கறி வியாபாரியாகிய அவர், நாங்கள் கேட்கும் முன்னரே, “பாய், இடப்பக்கம் ஒரு தடவை மரத்துல மோதியிருக்கு. கதவும் முகப்பும் புதுசாக் கட்டினது. சேஸுக்கு அடியில்லை, உங்க ஆளை விட்டுப் பாத்துக்கங்க” என்றார். உடன் வந்த தரகரின் முகம் கறுத்தது. மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்தார். கிளட்ச் தேய்வு கண்டிருக்கிறது, மற்றவை குற்றமில்லை என்றார். இரண்டாமவர் பழனி சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை நான்கு முறை அழுத்திப் பார்த்து, திரும்பி வந்து “சரி” என்றார். விலை 3,40,000 ரூபாய்.

இவ்வண்டி பி.எஸ். 4 வகை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 நெறி நடைமுறைக்கு வந்தபின் செய்யப்பட்ட வண்டிகளில் புகையைத் தூய்மை செய்யும் கருவிகளும் மின்னணு உணரிகளும் மிகுதி. காற்றுக்கு நல்லது, ஆயின் பழுது வந்தால் கணினி பொருத்திப் பார்க்கும் பட்டறையைத் தேட வேண்டும். பழைய வகையில் எங்கள் மெக்கானிக்கே போதும். எட்டாண்டு நிறையும் 2027 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன்பின் ஆண்டுதோறும். இதனையும் கணக்கில் கொண்டோம்.

ஆவணங்கள் பற்றி ஒரு சொல். விற்பவரின் கடன் முடிந்திருந்தது, ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் நீக்கப்படவில்லை. தடையில்லாச் சான்றும் 35 ஆம் படிவமும் பெற்று ஹெச்.பி. கேன்சல் ஆன பிறகே முழுப் பணமும் கொடுத்தோம். சேஸ் எண்ணை பென்சில் தேய்த்து எடுத்து ஒப்பிட்டுக்கொண்டோம். நல்லவரிடம் வாங்குகிறோம் என்பதற்காக இவற்றைத் தளர்த்தலாகாது. அவரும் அதற்காக வருந்தவில்லை.

பெயர் மாற்றம், காப்பீடு, தார்ப்பாய் ஆகியவற்றுக்கு 20,000 ரூபாய் ஆயிற்று. எஞ்சிய 60,000 ரூபாயை என் செய்வது என்றபோது இளையவருக்குப் புறநானூற்றின் 102 ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. பாரம் ஏற்றிய உப்பு வண்டியை நுகம் பழகாத இளங்காளைகளிடம் ஒப்படைத்த உமணர், வழியின் மேடு பள்ளத்தை முன்னரே எண்ணி, வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைக்கின்றனர். சேம அச்சு என்பது அதன் பெயர். புதிய காளை பூட்டியவர்க்கே மாற்று அச்சு வேண்டியிருந்தது என்றால் பழைய வண்டி பூட்டிய எங்களுக்குச் சொல்ல வேண்டுமோ? அப்பாட்டின் பொருளை அம்மாவுக்குச் சொன்னோம். “அந்தக் காலத்து ஆளுங்களும் நம்ம மாதிரிதான்” என்றார்கள்.

அறுபதாயிரமும் ஒரு தனி உறையில் இடப்பட்டது. மேலே இரண்டாமவர் தம் கையால் ‘சேம அச்சு’ என்று எழுதினார். வாடகை மிச்சத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய் அதில் சேர்ப்பது என்பதும், கடைக்கு எவ்வளவு முடை வந்தாலும் வண்டியன்றி வேறெதற்கும் அதனைத் தொடுவதில்லை என்பதும் ஏற்பாடு. மெக்கானிக் சொன்னபடியே கிளட்ச் இரண்டாம் மாதத்தில் மாற்றப்பட்டது, 7,400 ரூபாய். பிரேக்குக்கு மட்டும் இரண்டாமவர் எவரையும் கேளாமல் உறையைத் திறக்கலாம். அம்மா கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கச் சென்றது அவ்வண்டியில்தான், முன்னிருக்கையில், ஜன்னலோரம்.